சுவரிலும் இருந்த கோடு

2009 ஆகஸ்ட் 17, திங்கட்கிழமை. இரவு பத்து மணி இருபது நிமிடம். துணி ரோல்கள் பதினொன்று.

அண்ணாச்சி,

இப்படித் தேதி போட்டு ஆரம்பித்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். "கடுதாசி எழுதுதீரா, மெஷின் ரிப்போர்ட் எழுதுதீரா?" என்று கேட்பீர்கள். எனக்கு வேறு மாதிரி எழுத வராது.

இன்று நம் பனியன் கம்பெனியின் நல்லூர் யூனிட்டில் கிடங்கைக் காலி செய்தோம். நூல் பெட்டிகளுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி அந்தப் பதினொன்றும் நின்றுகொண்டிருந்தன. சாயம் போடாத துணி. மேல் சுற்று மஞ்சளாகிவிட்டது. எலி மூத்திர வாடை. ஒவ்வொரு ரோலின் முனையிலும் நீலச் சாக்பீஸில் உங்கள் கையெழுத்து: ஊசிக்கோடு, தள்ளு.

பின்னல் மெஷினில் ஒரே ஒரு ஊசி வளைந்தால் போதும், துணி நெடுக ஒரு கோடு விழும். அதைத்தான் ஊசிக்கோடு என்போம். இன்று பதினொன்றையும் செக்கிங் மெஷினில் ஏற்றி ஓடவிட்டுப் பார்த்தேன். ஒன்றில்கூடக் கோடு இல்லை. இல்லை என்பது எனக்கு மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே தெரியும். கோடு துணியில் விழவில்லை. உங்கள் கண்ணுக்குள் விழுந்திருந்தது.

இதை எழுத ரோல் மட்டும் காரணம் இல்லை. மதினிக்கும் சர்க்கரை வந்துவிட்டது. காலில் பட்ட புண் ஆறவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனவரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ரொம்ப நாளாகவே இருந்திருக்கும், கண்ணை உடனே காட்டுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மதினி மாட்டேன் என்கிறார். இன்று மத்தியானம் தையல் பிரிவுக்குப் போய் நானே கேட்டேன்.

"கத்தி வச்ச பெறவுதான் தம்பி எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு போச்சு. அதுக்கு முன்ன ஃபேன் சுத்துததாவது தெரிஞ்சுது. நான் அங்கன வரமாட்டேன்."

"மதினி, இது வெறும் டெஸ்ட்டுங்க. சொட்டு மருந்து ஊத்திப் பாப்பாங்க, அவ்வளவுதானுங்க."

"அவாளுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சாவ."

அதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். என் வாயைக் கட்டி வைத்துவிட்டுப் போனது நீங்கள்தான். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் உங்களிடமே ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். எங்காவது தப்பு இருந்தால் திருத்த இப்போது உங்களால் முடியாது. அதுவும் எனக்குக் கோபம்தான்.

நான் டிப்ளமோ முடித்துவிட்டு யூனிட்டில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் அது. பின்னல் மெஷின்கள் என் பொறுப்பு. துணியைப் பார்த்து ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் பொறுப்பு. நான் மூலனூர்க்காரன், உயரம், ஒல்லி. முதல் வாரத்திலேயே 'முருங்கக்கா' என்று பெயர் வைத்துவிட்டீர்கள். நீங்கள் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்திலிருந்து வந்தவர், உடம்பும் கனம். பதிலுக்கு நான் 'உப்பு மூட்டை' என்றேன். மேனேஜர் முன்னாலேயே அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம்.

"முருங்கக்கா, ஆறாம் நம்பர்ல கோடு விழுது. போயி ஊசியப் பாரும்வே."

பார்த்தேன். எல்லா ஊசியும் சரியாக இருந்தது. இருந்தாலும் உங்கள் வாய்க்குப் பயந்து சந்தேகப்பட்டவற்றை மாற்றினேன். மறுநாளும் அதே கோடு. மூன்று ரோல் தள்ளினீர்கள். மெஷினை நிறுத்தி ஊசி முழுவதையும் புதிதாகப் போட்டேன். அதற்கு மறுநாளும் கோடு.

"அண்ணாச்சி, கோடும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. ஜன்னல் வெளிச்சத்துல வெச்சுப் பாத்துப்போட்டுத்தான் சொல்றேன்."

"உமக்குக் கண்ணெல்லாம் படிப்புலயே போயிட்டு. நான் இருவது வருசமாத் துணி பாக்கேன். எனக்குத் தெரியுது, உமக்குத் தெரியல."

பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேராக வந்து செக்கிங் மெஷினின் சுவிட்சை அணைத்தேன். மேலே ஓடிக்கொண்டிருந்த துணி நின்றது.

"இப்ப எங்கீங்க இருக்குது கோடு? விரல வெச்சுக் காட்டுங்க."

விரலை வைத்தீர்கள். உடனே நான்கு விரல்கடை தள்ளி வைத்தீர்கள். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி. துணி அசையவில்லை. உங்கள் விரல் மட்டும் எதையோ துரத்திக்கொண்டு போனது. எனக்கு அப்போதும் புரியவில்லை. துணி நிற்கும்போது பிழை நகர்ந்தால் பிழை துணியில் இல்லை, அது மட்டும் தெரிந்தது. டியூப் லைட்டைத் துடைத்தேன். உங்கள் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி என் சட்டையில் துடைத்துக் கொடுத்தேன். கோடு போகவில்லை. கடைசியாக உங்கள் தோளைப் பிடித்து வெள்ளையடித்த சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

"இங்க தெரியுதுங்களா?"

சுவரிலும் விரலை வைத்து நகர்த்தினீர்கள்.

"சுவத்துலயும் இருக்கு தம்பி," என்றீர்கள்.

அன்றுதான் முதல் தடவையாக என்னை முருங்கக்கா என்று சொல்லாமல் தம்பி என்றீர்கள்.

ஓடுகிற துணியில் ஊசிக்கோடு ஒரே இடத்தில் நின்றுகொண்டே இருக்கும். கண்ணுக்குள் கசிந்து தொங்கும் ரத்த இழையும் அப்படித்தான் நிற்கும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் மெஷினை நிறுத்த வேண்டும். நம் ஊரில் மெஷினை யார் நிறுத்துகிறார்கள்?

"ஷிப்மெண்ட் முடியட்டும்வே, கோயமுத்தூர் போயிக் காட்டிருதேன்." இந்த ஊரில் கல்யாணமும் காய்ச்சலும் ஷிப்மெண்ட் முடியத்தான் காத்திருக்கின்றன. அதில் நீங்கள் மட்டும் என்ன விதிவிலக்கா? உங்களுக்குச் சர்க்கரை வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. காலையில் ஒரு மாத்திரை, மற்றபடி பேக்கரியில் தேங்காய் பன். சர்க்கரை காலைத்தான் தின்னும் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். தினமும் பாதத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வீர்கள்.

ஷிப்மெண்ட் முடிவதற்குள் கோடு போய்விட்டது. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. காலையில் வந்ததும் வராததுமாக என் முதுகில் ஓர் அடி.

"போயிட்டுவே! ஆறாம் நம்பர் சரியாயிட்டு!"

"அண்ணாச்சி, ஆறாம் நம்பருக்கு ஒண்ணுமே ஆகலீங்க. வளைஞ்ச ஊசி தானா நிமிருமுங்களா? போய்க் காட்டுங்க."

"போயித் தொலையுதேன். மொதல்ல ஒரு டீ வாங்கித் தாரும்."

நீங்கள் போகவில்லை. சிந்திய ரத்தம் அடியில் இறங்கிக் கரைந்துவிட்டது, அவ்வளவுதான். சிந்திய ரத்தக்குழாய் அங்கேயே வளர்ந்துகொண்டிருந்தது.

தை மாதம் ஒரு காலை, செக்கிங் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடி "லைட்ட யாருவே அணைச்சது?" என்று கேட்டீர்கள். நான்கு டியூப்பும் எரிந்துகொண்டிருந்தன. வலது கண் முழுக்கக் கரிப்புகை மாதிரி இருக்கிறது என்றீர்கள். என் வண்டியில் உட்கார வைத்துப் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து கோயமுத்தூர். வழியில் நீங்கள்தான் அவிநாசி தாண்டும் வரை உப்பளத்துக் கதை சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் டாக்டர் படம் வரைந்து காட்டினார். கண்ணின் பின்பக்கம் விழித்திரை. சர்க்கரையால் அதற்குப் போகிற சின்ன ரத்தக்குழாய்கள் அடைபட்டுவிட்டன. பட்டினி கிடக்கிற விழித்திரை தானே புதுக் குழாய்களை இழுக்கிறது. அவை இருக்கக் கூடாத இடத்தில், பலமில்லாத சுவரோடு வளர்கின்றன. எளிதில் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டுகின்றன. உங்களுக்குப் புரியவில்லை என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"கரண்ட் வராத ஊட்டுல கம்பத்துல கொக்கி போட்டு இழுக்கறாங்கல்லங்க, அந்த மாதிரி."

"திருட்டுக் கரண்டா! எங்கண்ணுக்குள்ளயா?" என்று சிரித்தீர்கள். டாக்டரும் சிரித்தார். பிறகு அவர் மட்டும் சிரிப்பை நிறுத்தினார்.

அடுத்து அவர் சொன்னதை அந்த அறையில் கேட்டது நாம் இரண்டு பேர்தான். மதினி மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். புதுக் குழாய்களோடு சேர்ந்து தழும்புச் சதையும் வளர்ந்து விழித்திரையைச் சுவரிலிருந்து இழுத்துப் பிரித்துவிட்டது என்றார். கண்ணின் வெள்ளைப் பகுதியில் மூன்று சிறு துளை போட வேண்டும். ஒன்றில் விளக்கு, ஒன்றில் வெட்டும் கருவி, ஒன்றில் தண்ணீர். கண்ணுக்குள் இருக்கும் ரத்தம் கலந்த கூழை எடுத்து, தழும்பை வெட்டி, விழித்திரையைத் திரும்ப ஒட்டவைக்க எண்ணெய் நிரப்ப வேண்டும். இவ்வளவு செய்தும் இந்தக் கண்ணில் பார்வை வருவது கஷ்டம். செய்யாவிட்டால் இருக்கிற வெளிச்சமும் போகும், வலியும் வரலாம்.

"முதல்ல கோடு தெரிஞ்சப்பவே வந்திருந்தா லேசரோட முடிச்சிருக்கலாம்," என்றார்.

வெளியே வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"அவகிட்ட இத சொல்லாதயும்."

"ஏனுங்க? அவங்களுக்குத் தெரியோணுமல்லங்க?"

"முன்னாலயே வந்திருக்கணும்னு தெரிஞ்சா அவ என்னை உசுரோட விடமாட்டா. செத்த பெறவும் கல்லறைக்கு வந்து ஏசுவா. எனக்காகச் சொல்லும், சொல்லமாட்டேன்னு."

சிரித்துக்கொண்டேதான் கேட்டீர்கள். பிடி மட்டும் இறுகிக்கொண்டே போனது. சரியென்றேன்.

ஆபரேஷன் முடிந்து ராயபுரம் லைன் வீட்டில் கவிழ்ந்து படுத்திருந்தீர்கள். எண்ணெய் விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும், அதனால் முகம் தரையைப் பார்த்தபடி. சோறுகூடக் குனிந்துதான். "டெய்லராப் பொறந்திருந்தா இப்படிக் குனிஞ்சு கெடக்கதுக்கு பீஸ் ரேட்டாவது கெடச்சிருக்கும்," என்றீர்கள் தலையணைக்குள்ளிருந்து. வலது கண் பிழைக்கவில்லை. கையை ஆட்டினால் ஏதோ ஆடுகிறது என்று தெரியும், அதோடு சரி. மதினி பார்த்தது இதை மட்டும்தான். போகும்போது ஃபேன் சுற்றுவது தெரிந்தது, வந்த பிறகு தெரியவில்லை. அவர் கணக்கில் என்ன தப்பு? ஒரு வரி அவருக்குச் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். பழியை நீங்கள் கத்தி மேல் போட்டீர்கள். கத்தி பேசாது, நானும் பேசவில்லை.

அந்தப் பொய் உங்கள் மேலேயே திரும்பியது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இடது கண்ணிலும் கொக்கி விழ ஆரம்பித்திருந்தது. லேசர் மூன்று தடவை வைக்க வேண்டும் என்றார்கள். இரண்டு தடவை போனீர்கள். மூன்றாவது தேதியன்று ஏழு மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் வண்டியோடு நின்றேன். நீங்கள் லுங்கியோடு வெளியே வந்தீர்கள்.

"நான் வரல. ரெண்டு தடவ வச்சதுலயே ராத்திரி மங்குது. ஒரு துணிய மூணு தடவ ப்ளீச் போட்டா என்னவே ஆவும்? விரல் பட்டாலே கிழியும். இருக்கது ஒரு கண்ணு."

"அண்ணாச்சி, ப்ளீச்சு மொத்தத் துணிக்கும் போடறது. இது ஓரத்துக்கு மட்டும் வெக்கறதுங்க. ஓரத்து லோடக் கொறச்சாத்தான் நடுவுக்குக் கரண்ட் பத்தும். தெனமும் நமக்குக் கரண்ட் கட் பண்றாங்கல்ல, எதுக்குங்க?"

"நம்ம ஊரு கரண்ட் கட்டால யாரு பொழைச்சா?"

உள்ளே இருந்து மதினி குரல் வந்தது. "அவாள விட்டுருங்க தம்பி. ஒரு கண்ண எடுத்தது போதும்."

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், "ஏட்டி, கண்ண அவுக எடுக்கல" என்று. சொல்லவில்லை. நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

இருபது வருஷம் சாயப்பட்டறைத் துணியைத் தொட்டுப் பழகியவருக்குத்தான் அப்படித் தோன்றும். வேறு ஊர்க்காரர் யாரும் லேசரைப் ப்ளீச்சாக நினைத்திருக்கமாட்டார். இதை யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மழைக்கு இடது கண்ணிலும் ரத்தம் கொட்டியது. இந்தத் தடவை கோடெல்லாம் இல்லை, ஒரேயடியாக இருட்டு. தானாகக் கரையும் என்று பார்த்தார்கள், கரையவில்லை. உங்கள் மகள் ஜெனி பிளஸ் டூ படித்துக்கொண்டே உங்கள் கையைப் பிடித்துக் கக்கூஸுக்குக் கூட்டிப் போனாள். அது நடந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "கத்தியோ கடப்பாறையோ, எதையாவது வைக்கச் சொல்லும்வே. பொம்பளப் பிள்ளை கையப் பிடிச்சுப் போவ என்னால ஆவாது," என்றீர்கள்.

குழாய்கள் சுருங்க முதலில் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். "ஊசிக்கோடு பாத்தவனுக்குக் கண்ணுலயே ஊசி. பாத்தீரா நியாயத்த?" என்று நர்சம்மாவிடம் கேட்டு அவரையும் சிரிக்க வைத்தீர்கள். பிறகு அதே மூன்று துளை. விழித்திரை பிரிந்திருக்கவில்லை. ரத்தக் கூழை எடுத்துவிட்டு, விட்டுப்போன லேசரையும் உள்ளேயே வைத்து முடித்தார்கள்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். சொட்டு மருந்து வாடை. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இமையைத் திறந்து, மூடி, திறந்தீர்கள். எதிரில் மதினி நின்றிருந்தார்.

"ஏட்டி, என்ன இப்படி நரைச்சிட்ட?"

மதினி தலையைத் தொட்டுப் பார்த்தார். "நீங்க பாக்காத நேரம்தானன்னு விட்டுட்டேன்," என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. அப்புறம் நீங்கள் என் பக்கம் திரும்பி, "முருங்கக்கா இன்னும் முத்தலையே," என்றீர்கள்.

துணி பார்க்க அந்தப் பார்வை போதவில்லை. பேக்கிங்கில் கவர் மாட்டும் வேலை வாங்கிக் கொடுத்தேன். செக்கிங் மெஷின் பக்கம் வரவே மாட்டீர்கள். ஆனால் பஸ் போர்டு படித்தீர்கள். பைபிளைப் பெரிய எழுத்தில் வாங்கி வரச் சொன்னீர்கள். ஜெனியின் ரிசல்ட்டை நீங்களே பார்த்தீர்கள். அதற்குள் கிட்னி போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குப் போகிற மாதிரிதான் அங்கேயும் சின்னக் குழாய்கள் என்று அந்த டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இந்த வருஷம் பிப்ரவரியில் காலை நேரம், பல் விளக்கப் போனவர் குழாயடியிலேயே விழுந்தீர்கள். மாரடைப்பு. நாற்பத்தாறு வயது.

உங்களைக் கிடத்தியிருந்தபோது உங்கள் ஊரிலிருந்து வந்த யாரோ, "மாறி மாறிக் கண்ண அறுத்தே ஆளக் கொன்னுட்டானுவ," என்றார். மதினி தலையாட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாய் வரை வந்ததை விழுங்கினேன். உங்கள் பிடி இன்னும் மணிக்கட்டில் இருந்தது.

இப்போதும் இருக்கிறது. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பிடி ஒன்றுதான். அதோடு நடந்து பார்த்துவிட்டேன். போதும் அண்ணாச்சி. செத்த பிறகும் ஏசுவார் என்று பயந்தீர்களே, ஏசட்டும். உங்களுக்கு இனிக் கேட்காது. மதினிக்கு இரண்டு கண் இருக்கிறது.

செய்யப்போவது:

1. நாளை ஷிப்ட் தொடங்கும் முன் மேனேஜரிடம் மதினிக்கும் எனக்கும் வியாழக்கிழமை லீவு சொல்லிவிடுவது. ஷிப்மெண்ட் என்று ஆரம்பித்தால் நின்று கேட்பதில்லை.

2. நாளை சாயங்காலம் ராயபுரம் போவது. ஜெனியும் இருக்கும்போது, அந்த அறையில் டாக்டர் சொன்னதை முழுதாகச் சொல்வது. நீங்கள் மறைக்கச் சொன்னதையும் சேர்த்து. உங்களை நல்லவராக்கியும் பேசுவதில்லை, கெட்டவராக்கியும் பேசுவதில்லை.

3. மதினி ஏசினால், உங்களை ஏசினாலும் என்னை ஏசினாலும், குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருப்பது. இது எனக்குக் கஷ்டம்.

4. வியாழன் காலை கோயமுத்தூர். லேசர் என்றால் எத்தனை தடவை என்று கேட்டு அத்தனை தேதியையும் அங்கேயே வாங்கிவிடுவது. ப்ளீச் வேறு, லேசர் வேறு என்பதைப் பஸ்ஸிலேயே சொல்லி முடிப்பது.

5. இத்தனைக்கும் பிறகு மதினி 'கத்தி' என்றால் ஒன்றே ஒன்று கேட்பது: "உங்க நரைய அண்ணாச்சி எந்தக் கண்ணுலீங்க பாத்தாரு?" பதில் வரும்வரை அந்த வீட்டை விட்டு எழுந்திருப்பதில்லை.